செக்கு எண்ணெய் பாட்டிலுக்கு மூடி செஞ்ச கதை: எட்டு மாசம், ஆறு வெர்ஷன்

போன வருஷம் ஆடி மாசம் மச்சினன் ரெண்டு பாட்டிலைக் கொண்டு வந்து என் லேத் மெஷின் பக்கத்துல வெச்சான். காங்கேயம் பக்கம் சின்னதா மரச்செக்கு போட்டு நல்லெண்ணெயும் கடலை எண்ணெயும் ஆட்டி விக்கிறான். "மாமா, இதுல எது நம்முளுதுன்னு சொல்லுங்க பாக்கலாம்"னான். ரெண்டும் அவன் பாட்டில்தான், ரெண்டுலயும் அவன் லேபிள்தான். மூடியத் திறந்து மோந்து பார்த்தா ஒண்ணுல கருப்பட்டி வாசம் வருது, இன்னொண்ணுல எசென்ஸ் வாசம். உள்ள இருந்தது பாமாயில்ல கொஞ்சம் நல்லெண்ணெய் கலந்த ஏதோ ஒண்ணு.

நடந்தது என்னன்னா, ஓட்டல்லயும் வீட்டுலயும் காலியான பாட்டில் பழைய பேப்பர் கடைக்குப் போகுது, அங்கிருந்து யாரோ மொத்தமா வாங்கி கழுவி நிரப்பி, லேபிள் கிழிஞ்சிருந்தா புதுசா பிரிண்ட் போட்டு ஒட்டி, புது மூடி போட்டு கடைக்கு அனுப்பிடறாங்க. 28 மி.மீ மூடி மூட்டைக்கணக்குல கிடைக்குது, அது ஒரு பெரிய விஷயமே இல்ல. லூஸ்ல எண்ணெய் விக்கக்கூடாதுன்னு சட்டம் இருக்கறதால எல்லாருக்கும் பாட்டில் வேணும், பேர் தெரிஞ்ச பாட்டில்னா இன்னும் நல்லது.

"மாமா, உள்ள ஊத்தவே முடியாத மாதிரி ஒரு மூடி செஞ்சு குடுங்க". அவ்வளவுதான் ஆர்டர். எங்கிட்ட ஒரு பழைய லேத், ஒரு 3டி பிரிண்டர், ஒரு கை இன்ஜெக்‌ஷன் மெஷின் (பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுக்குள்ள தள்றது) இருக்கு, மிச்சத்துக்கு கோயமுத்தூர் கணபதில அச்சு செய்யற டூல் ரூம் நண்பர் ஒருத்தர். ரெண்டு வாரத்துல முடிச்சிடலாம்னு சொல்லிட்டேன். என் வாயை என்ன சொல்ல.

கொஞ்சம் தேடிப் பார்த்தா இந்த வெறி நூறு வருஷத்துக்கு மேல இருக்கு. 1890கள்லயே அமெரிக்காவுல "திரும்ப நிரப்ப முடியாத பாட்டில்"னு பேட்டன்ட் மேல பேட்டன்ட் வாங்கித் தள்ளியிருக்காங்க, எல்லாம் விஸ்கிக்காக. மதுவிலக்கு முடிஞ்ச அப்புறம் அங்க மூடிய விட்டுட்டு சட்டத்தைப் பிடிச்சாங்க, 1935ல இருந்து 1964 வரைக்கும் சாராய பாட்டில் கண்ணாடியிலேயே "இந்த பாட்டிலை விக்கறதும் திரும்பப் பயன்படுத்தறதும் சட்டப்படி குத்தம்"ங்கற மாதிரி எழுத்து வார்த்திருக்கும். எண்ணெய்க்கும் இந்தக் கதை இருக்குங்க. ஸ்பெயின்ல 2014ல இருந்து ஓட்டல் டேபிள்ல வைக்கிற ஆலிவ் எண்ணெய் பாட்டில் திரும்ப நிரப்ப முடியாத மூடியோடதான் இருக்கணும். ஐரோப்பா முழுக்க இதைக் கொண்டு வரப் பார்த்து, 2013 மே மாசம் கிண்டல் தாங்காம வாபஸ் வாங்கிட்டாங்க. ஆக, காங்கேயத்துப் பிரச்சனையும் ஸ்பெயின் பிரச்சனையும் ஒண்ணுதான்.

முதல் ஐடியா கோலி சோடாதான், நம்ம ஊர்ல வளந்தவனுக்கு வேற என்ன தோணும். ஹிராம் காட்னு ஒரு இங்கிலாந்துக்காரர் 1872ல பேட்டன்ட் வாங்கின பாட்டில் அது. உள்ள இருக்கற கேஸ் பிரஷர் கோலியை மேல தள்ளி ரப்பர் வாஷர்ல ஒட்ட வெக்கும். எனக்கு வேண்டியது அதுக்குத் தலைகீழ்: கழுத்துக்குள்ள ஒரு சின்ன கூண்டு, அதோட அடியில புனல் மாதிரி ஒரு சீட், அதுல ஒரு குண்டு. பாட்டில் நிமிர்ந்து இருக்கும்போது குண்டு தன் வெயிட்ல சீட்ல உக்காந்து ஓட்டையை அடைச்சுக்கும், மேல இருந்து ஊத்தினா இறங்காது. சாய்ச்சா குண்டு உருண்டு விலகும், எண்ணெய் வெளிய வரும். ஃபாரின் சரக்கு பாட்டில்ல ஊத்தும்போது கடகடன்னு ஒரு சத்தம் கேக்குமே, அதே சமாச்சாரம்தான்.

பாட்டில் ஒரு லிட்டர் பெட் (PET பிளாஸ்டிக்) பாட்டில், குளிர்பானத்துக்கு வர்ற அதே 28 மி.மீ கழுத்து, உள் விட்டம் ஏறக்குறைய 21.7. கூண்டை பிரிண்ட் பண்ணேன், குண்டுக்கு ஒரு பிளாஸ்டிக் குண்டு. தண்ணியில டெஸ்ட் பண்ணா சூப்பர், சாய்ச்சா கொட்டுது, நிமித்தி மேல ஊத்தினா நிக்குது, மச்சினனுக்கு வீடியோ எல்லாம் எடுத்து அனுப்பிட்டேன்.

அடுத்த நாள் கடலை எண்ணெய் ஊத்திப் பார்த்தா ரெண்டு இடத்துல அடி. ஒண்ணு, 200 மில்லி தண்ணி ஆறு செகண்ட்ல வந்துச்சு, எண்ணெய் நாப்பது செகண்டுக்கு மேல. எண்ணெயோட பிசுபிசுப்பு தண்ணியைப் போல அம்பது அறுபது மடங்கு, இது தெரிஞ்சிருந்தும் தண்ணியில டெஸ்ட் பண்ணது என் சோம்பேறித்தனம். ரெண்டாவது அடிதான் நிஜ அடி: நிமித்தி வெச்சா குண்டு சீட்ல உக்காரவே இல்ல, நடுவுல மிதந்துட்டு நிக்குது. முந்தின நாள் மேல ஊத்தின தண்ணி நின்னதும் வால்வால இல்ல போல, சின்ன ஓட்டையில காத்து அடைச்சு நின்னிருக்கு. குண்டு பிபி, அதாவது பாலிபுரோப்பிலீன் பிளாஸ்டிக், அதோட அடர்த்தி 0.90, 0.91 இருக்கும். கடலை எண்ணெய் 0.91. அது எப்படிங்க முங்கும்? அரை மணி நேரம் குண்டையே பார்த்துட்டு உக்காந்திருந்தேன். அப்புறம் 8 மி.மீ கண்ணாடிக் குண்டுக்கு மாறினேன், அடர்த்தி 2.5, டபக்குன்னு உக்காருது.

சீட் சரிவும் விளையாட்டு காட்டுச்சு. சீட்டோட சுவர் தரைமட்டத்துல இருந்து எத்தனை டிகிரி ஏறியிருக்கோ அத்தனை டிகிரி பாட்டிலை சாய்ச்சாதான் குண்டு உருளும், இது கணக்கு. நல்லா அடைக்கட்டும்னு 60 டிகிரி வெச்சேன், குண்டு ஆப்பு அடிச்ச மாதிரி மாட்டிக்கிட்டு ஆட்டினாதான் வருது. 20 வெச்சா லேசா ஆடினாலே விலகுது. கடைசியில 35ல நின்னேன். இதுக்கே புரட்டாசி வந்துடுச்சு.

இனிமேதான் நிஜ தலைவலி. எண்ணெய் வெளிய வரணும்னா காத்து உள்ள போகணும். இல்லைனா குடுகுடுன்னு திணறித் திணறி வரும், தோசைக்கல்லைச் சுத்தி எல்லாம் தெறிக்கும். சரி, காத்துக்கு ஒரு தனி குழாய், 3 மி.மீ விட்டம், பாட்டிலுக்குள்ள 40 மி.மீ நீட்டி விட்டேன். எண்ணெய் அழகா கயிறு மாதிரி விழுந்துச்சு. மாமியார் வாங்கி ஊத்தினாங்க, மறுபடி குடுகுடு. பார்த்தா பாட்டிலைத் திருப்பிப் பிடிச்சிருக்காங்க, காத்துக் குழாய் கீழ போயிடுச்சு. மேல அம்புக்குறி போடலாம்னேன். "அடுப்படில நின்னுக்கிட்டு அம்பைத் தேடுவாங்களா"ன்னு கேட்டாங்க. நியாயம். அதனால ஊத்துற பக்கம் ஒரு மூக்கு மாதிரி வெச்சேன், கெண்டி மூக்கு மாதிரி, கை தானா அந்தப் பக்கம் திருப்புது.

டூல் ரூம் நண்பர் வந்து பார்த்தார், ஒண்ணும் பேசல, ஒரு ஊசி சிரிஞ்சை எடுத்து காத்துக் குழாய்க்குள்ள விட்டு எண்ணெயை ஏத்த ஆரம்பிச்சார். மூடியோட மொத்த பெருமையும் அந்த 3 மி.மீ ஓட்டையில போச்சு. குழாயை வளைச்சு விடலாம்னா வளைஞ்ச ஓட்டையை ஒரே பீஸா மோல்டு பண்ண முடியாது, ஓட்டைக்காக அச்சுக்குள்ள நிக்கற கம்பி (கோர் பின்) வெளிய வராது. அதனால ரெண்டு தட்டா பிரிச்சு, மேல் தட்டு ஓட்டையும் கீழ் தட்டு ஓட்டையும் நேருக்கு நேர் வராம தள்ளி வெச்சு, நடுவுல ஒரு சின்ன இடைவெளி விட்டேன். காத்து சுத்திப் போகும், ஊசி முட்டி நிக்கும். இது மூணாவது வெர்ஷன், எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான்.

அதைத் தோக்கடிச்சது என் பொண்ணு. ஏழாவது படிக்கிறா. பாட்டிலை அமுக்கி, தலைகீழா எண்ணெய் கிண்ணத்துல முக்கி, கையை விட்டா. உள்ள உறிஞ்சிக்கிச்சு. நிமித்தி, அமுக்கி காத்தை வெளிய விட்டு, மறுபடி முக்கி... இங்க் ஃபில்லர்ப்பா இதுன்னு சொல்றா. தலைகீழா இருக்கும்போது குண்டு சீட்டை விட்டு விலகித்தானே இருக்கும், வழி திறந்துதான் கிடக்கு. கிண்ணத்தை ரீஃபில் பண்ணிப் பண்ணி ஒரு லிட்டருக்கு ஒன்பது நிமிஷம் ஆச்சு.

ஒன்பது நிமிஷம் யாருக்குப் பொறுமை இருக்கும்னு முதல்ல மனசைத் தேத்திக்கிட்டேன். அப்புறம் கணக்குப் போட்டேன். மச்சினன் நல்லெண்ணெய் லிட்டர் 420க்கு விக்கிறான், உள்ள போற கலப்பட எண்ணெய் எப்படியும் 150 தாண்டாது. லேபிள், மூடி, கடைக்காரர் கமிஷன் போக பாட்டிலுக்கு 200 நிக்கும். மணிக்கு ஆறு பாட்டில்னா 1200 ரூபாய். நானே லேத்தை மூடிட்டு அந்த வேலைக்குப் போயிடலாம் போல.

கண்ணாடி பாட்டில்னா அமுக்க முடியாதே, மாறிடலாமான்னு ஒரு வாரம் யோசிச்சோம். வெயிட்டு, உடைச்சல், லாரி வாடகை, மச்சினன் முடியாதுன்னுட்டான். அதோட கண்ணாடியில இன்னொரு பிரச்சனை இருக்கு. பிபி மூடியை வெந்நீர்ல காட்டி இளக்கி முழுசா கழட்டிடலாம், கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகாது. பெட் பாட்டில்ல அதைச் செஞ்சா முதல்ல போறது பாட்டில் கழுத்து, ஏன்னா பெட் 75 டிகிரி சுத்துவட்டாரத்துலயே இளகிடும், பிபி உருகறதுக்கு 160 வேணும். 85 டிகிரி தண்ணியில ரெண்டு நிமிஷம் வெச்சுப் பார்த்தேன், கழுத்து கோணி முட்டை மாதிரி ஆயிடுச்சு, அதுக்கப்புறம் எந்த மூடியும் அதுல உக்காராது. அமுக்கினா உறிஞ்சற அதே பெட், சூடு காட்டினா தன்னையே கெடுத்துக்கிட்டு நமக்கு உதவி பண்ணுது. அப்போதான் யோசனை கொஞ்சம் திரும்புச்சு. நிரப்பறதைத் தடுக்கறதுல ஏன் மல்லுக்கட்டறேன், மூடியைக் கழட்ட முடியாம பண்றது என் கையில இருக்கே?

இதுக்கு முன்னாடி கூண்டை கழுத்துக்குள்ள சொருகித்தான் வெச்சிருந்தேன். உள்பக்கம் வழவழன்னு இருக்கும், பிடிக்கறதுக்கு எதுவும் கிடையாது, கட்டிங் பிளேயர் வெச்சு இழுத்தா வந்துடும். நாலாவது வெர்ஷன்ல கழுத்தோட வெளிப்பக்கத்தை முழுசா மூடற மாதிரி ஒரு பாவாடை குடுத்தேன். திருகுக்குக் கீழ கழுத்துல ஒரு வளையம் இருக்கும் பாருங்க, சாதா மூடியைத் திறக்கும்போது மூடியோட அடிப்பட்டை பிஞ்சு அங்கதான் நிக்கும். பாவாடையோட அடியில உள்நோக்கி மடங்கின சின்னச் சின்ன இறக்கைங்க, கை பிரஸ்ல வெச்சு அழுத்தினா வளையத்தைத் தாண்டி டக்குன்னு மாட்டிக்கும். திரும்ப மேல வராது. பிளேடால அறுத்தாதான் வரும், அறுத்தா குப்பைதான். மேல் மூடி இந்தப் பாவாடைக்கு வெளிய திருகிக்கும்.

3டி பிரிண்டர் இந்த இடத்துல கையை விரிச்சிடுச்சு. பிஎல்ஏங்கற பிரிண்டர் பிளாஸ்டிக்ல போட்ட இறக்கை மடங்கவே இல்ல, படக்குன்னு ஒடியுது. பிபிதான் ஒடியாம மடங்கும், ஷாம்பூ பாட்டிலோட கீல் எத்தனை தடவை மடக்கினாலும் பிய்யாது பாருங்க. அதனால அலுமினியத்துல ஒரு சிங்கிள் கேவிட்டி டை (ஒரு தடவைக்கு ஒரு பீஸ் வார்க்கற அச்சு) போட்டோம், 38,000 ஆச்சு, மச்சினன் முகம் போன போக்கு. அதுலயும் ஒரு சொதப்பல், முழுக்க என்னோடது. பிபி ஆறும்போது ஒண்ணரைல இருந்து ரெண்டு சதவீதம் சுருங்கும், நான் வேற பிளாஸ்டிக்கோட கணக்கு ஞாபகத்துல அரை சதவீதம்தான் விட்டிருந்தேன். 28 மி.மீ பக்கத்துல அது 0.4 மி.மீ வித்தியாசம். பாவாடை இறங்கவே இல்ல, அடிச்சு இறக்கினா கிழிஞ்சிடுச்சு. நல்லவேளை கோரை (உள்பக்கத்துக்கு வடிவம் குடுக்கற பாகம்) முழுசா புதுசா கடையணும்னு வரல, கேவிட்டியை (வெளிப்பக்கத்துக்கு வடிவம் குடுக்கற குழி) பெருசு பண்ணி, கோருக்கு மேல புதுசா ஒரு ஸ்லீவ், அதாவது உறை, போட்டு சரிக்கட்டினார் நண்பர். டீ வாங்கிக் குடுத்தே கடனை அடைச்சேன்.

மேல் மூடியையும் அதோட சீல் பட்டையையும் சேர்த்துப் பிடிக்க, திறந்தா பிய்யற மாதிரி எட்டு சின்ன பாலம் வெச்சேன், ஒவ்வொண்ணும் அரை மி.மீ. மாமியார் கையால திருகிப் பார்த்து முடியாம துணி சுத்தித் திறந்தாங்க. 0.35க்குக் குறைச்சோம். இந்த பட்டை எல்லாம் இன்னைக்கு நமக்கு சாதாரணமாத் தெரியுது. 1982ல சிகாகோவுல டைலனால்ங்கற வலி மருந்து கேப்சூல்ல யாரோ சயனைட் கலந்து ஏழு பேர் செத்த அப்புறம்தான் அமெரிக்காவுல கடை மாத்திரைக்கு "திறந்தா தெரியணும்"ங்கற விதியே வந்துச்சு. அவங்களும் திறக்கவே முடியாத டப்பா செய்யப் போகல, திறந்தது தெரிஞ்சா போதும்னு நின்னாங்க. நான் இதை அஞ்சு மாசம் கழிச்சு கத்துக்கிட்டேன்.

சரி, இப்போ கூண்டைக் கழட்ட முடியாது. ஆனா என் பொண்ணு டெக்னிக்ல நிரப்பலாம், மேல் மூடிய மட்டும் எவனாவது டை போட்டு அடிச்சுக்கலாம். க்யூஆர் ஒட்டலாமேன்னு எல்லாரும் சொன்னாங்க. ஒரு க்யூஆரைப் போட்டோ எடுத்து ஆயிரம் பிரிண்ட் போட எவ்வளவு நேரம் ஆகும்? சுரண்டற நம்பர் போடலாம், ஆனா எண்ணெய்க் கையோட யார் சுரண்டப் போறாங்க.

வழி காட்டினது டையிலயே இருந்த ஒரு சின்ன பொத்தான். டேட் இன்சர்ட்னு சொல்லுவாங்க, பிளாஸ்டிக் டப்பா அடியில வட்டத்துக்குள்ள ஒரு அம்பும் சுத்தி 1ல இருந்து 12 வரைக்கும் எண்ணும் பாத்திருப்பீங்க. டைக்குள்ள ஸ்க்ரூ டிரைவரால மாசாமாசம் திருப்பி வெச்சா, அந்த மாசம் வார்த்த பீஸ்ல அந்த மாசம் பதியும். குறை வந்தா எந்த லாட்னு கண்டுபிடிக்கறதுக்காக வைக்கறது. அதை எடுத்து ஊத்துற மூக்குக்குப் பக்கத்துலயே, மூடியத் திறந்த உடனே கண்ணுல படற மாதிரி வெச்சோம், அம்பு குழப்பும்னு நம்பரை மட்டும் மாத்தற இன்சர்ட். மூணுன்னா 03. லேபிள்ல பேக்கிங் தேதிக்குப் பக்கத்துல பெருசா "உள்மூடி மாசம்: 03"னு பிரிண்ட்.

அவ்வளவுதான். நிரப்பறவன் நிரப்பிக்கட்டும். பாட்டில் வித்து, காலியாகி, பழைய பேப்பர் கடை போய், திரும்பி வர ரெண்டு மூணு மாசமாவது ஆகும், அவன் புது லேபிள் போட்டா உள்ள பழைய மாசம் இருக்கும். பழைய லேபிளையே விட்டா ஆறு மாசத்துல எக்ஸ்பைரி. ஒவ்வொரு பாட்டிலா திறந்து பார்த்து மாசத்துக்குத் தகுந்த லேபிள் ஒட்டலாம்தான், ஆனா அவன் லேபிள் ஆயிரக்கணக்குல ஒரே தேதியோட அடிக்கிறவன், அரிசியில கல்லு பொறுக்கற மாதிரி பாட்டில் பொறுக்கிட்டிருந்தா அவன் மணிக்கணக்கு இடிக்கும். வருஷத்தையும் சேர்த்து போட்டிருக்கணும், அடுத்த டைல போடணும்.

மார்ச்ல முதல் ரெண்டாயிரம் பீஸ் போட்டோம், உணவு படற கிரேடு பிபி, இந்திய தரத்துல ஐஎஸ் 10910. பாட்டிலுக்கு ரெண்டே முக்கால் ரூபா கூடுது, கண்ணாடிக் குண்டுதான் அதுல பாதி. ரெண்டு கம்ப்ளெயின்ட் வந்துச்சு, ஒண்ணு எண்ணெய் மெதுவா வருதுன்னு, இன்னொண்ணு "காலி பாட்டிலை மிளகாய்த் தூளுக்கு வெச்சுக்குவேன், இப்ப முடியலையே"ன்னு ஒரு அக்கா போன் பண்ணி மச்சினனைத் திட்டினாங்க. ரெண்டாவதுக்கு எங்கிட்ட பதில் இல்ல. செக்குக்கே தூக்குப் போசி கொண்டு வந்தா லிட்டருக்கு பத்து ரூபா குறைக்கலாமான்னு பேசிப் பார்த்தோம், லூஸ் விக்கக்கூடாதுங்கறது அங்கயே வந்து நிக்குது.

செப்டம்பர்ல மச்சினன் ஒரு பாட்டிலோட வந்தான். லேபிள்ல பேக்கிங் ஆகஸ்ட், உள்மூடி மாசம் 08. மூடியத் திறந்தா 03. கடைக்காரர்கிட்ட அதைக் காட்டினானாம், அவர் ஒண்ணும் பேசாம மிச்ச பதினொண்ணையும் ஷெல்ஃப்ல இருந்து எடுத்துக் குடுத்துட்டாராம். யார்கிட்ட வாங்கினார்னு மட்டும் வாயைத் திறக்கல. நான் அந்த பாட்டிலை பெஞ்சு லைட்ல வெச்சுப் பார்த்தேன், குண்டு, தட்டு, இறக்கை எல்லாம் பத்திரமா இருக்கு, ஒரு கீறல் இல்ல. ஆக அவனும் இங்க் ஃபில்லர்தான் போட்டிருக்கான். பொண்ணுகிட்ட சொன்னேன், ஒரே சிரிப்பு.

இப்போ மார்கழிக் குளிர்ல புது பஞ்சாயத்து. தேங்காய் எண்ணெய்க்கும் இதே மூடியைப் போட்டான் மச்சினன், என்னைக் கேக்காம. 24 டிகிரிக்குக் கீழ போனா தேங்காய் எண்ணெய் உறையுது, குண்டு சீட்லயே வெண்ணெய்க்குள்ள புதைஞ்ச மாதிரி நிக்குது, கூண்டைக் கழட்டவும் முடியாது, கரண்டி விட்டு வழிக்கவும் முடியாது. வெயில்ல வெச்சு எடுங்கன்னு போன்லயே பதில் சொல்லிட்டிருக்கான். மாமியார் துணி தைக்கிற ஊசியைக் காய்ச்சி குண்டைக் குத்திப் பார்த்துட்டு, "இது ஆகாது, இதுக்கு அகல வாய் டப்பாவே போடச் சொல்லு"ன்னுட்டாங்க. போட்டுட்டோம்.